பலாலி: ஓடுபாதைக்குள் மறைந்திருக்கும் ஊர்களின் கதை

விமானச் சத்தம் என்றால் வடக்கில் வாழ்ந்த எமக்கு நீண்ட காலமாக ஒரேயொரு பொருள்தான் இருந்தது. அடுப்பில் கொதித்த உலையை இறக்கவும் நேரமில்லாமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓடியவர்கள் நாம். போர் முடிந்து பல ஆண்டுகள் கடந்த பின்பும் வானத்தில் இரைச்சல் கேட்டால் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கும் தாய்மார் எமது கிராமங்களில் இருக்கிறார்கள்.

அந்த வானத்தில் இப்போது பயணிகள் விமானங்கள் தாழப் பறந்து வந்து பலாலியில் இறங்குகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து நேரே சென்னைக்குப் போகலாம் என்பது பலருக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த ஓடுபாதையின் இரு புறத்திலும் காணி வைத்திருந்த குடும்பங்களிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு ஒரு பெருமூச்சும் சேர்ந்தே வரும். ஆகவே பலாலி விமான நிலையத்தின் கதையை அங்கு வாழ்ந்த பெண்களின் கதையோடு சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம்.

செம்மண்ணில் அமைந்த விமானத் தளம்

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீற்றர் தூரத்தில் பலாலி இருக்கிறது. மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி என்று சுற்றிவரப் பழமையான ஊர்கள். கரையோரத்தில் மீன்பிடி, உட்பக்கத்தில் தோட்டம். கிணற்று நீரையும் செம்மண்ணையும் நம்பி வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை என்று பயிரிட்ட மக்கள். மேடு பள்ளம் அதிகமில்லாத, அடியில் சுண்ணாம்புக்கல் கொண்ட இந்தத் தரை விவசாயிக்கு எவ்வளவு பிடித்ததோ அவ்வளவுக்கு விமானம் இறக்க வந்தவர்களுக்கும் பிடித்துப் போயிற்று.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படையே இங்கு முதன்முதலில் ஒரு விமானத் தளத்தை அமைத்தது. அதாவது பலாலி பிறந்ததே ஒரு போருக்காகத்தான். போர் முடிந்ததும் வெள்ளைக்காரரின் படை புறப்பட்டுப் போக, தளம் பொதுமக்களின் பாவனைக்கு வந்தது.

1947 டிசெம்பர் 10 ஆம் திகதி இலங்கையின் விமானப் போக்குவரத்து வரலாற்றில் முக்கியமான நாள். எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணிகள் விமானம் அன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. டக்கோட்டா என்று அழைக்கப்பட்ட இரட்டை இயந்திர விமானம் அது. அது நேரே சென்னைக்குப் போகவில்லை. காங்கேசன்துறை விமான நிலையம் என்று அன்று அழைக்கப்பட்ட பலாலியில் இறங்கி, பின்னரே சென்னைக்குப் பறந்தது. அந்நிறுவனம் தனது முதல் மூன்று டக்கோட்டாக்களுக்கும் பெண்களின் பெயர்களையே சூட்டியிருந்தது. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்பன அந்தப் பெயர்கள்.

சுதந்திரம் கிடைப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே எமது பலாலி வெளிநாட்டு விமானப் பாதையில் ஒரு தரிப்பிடமாக இருந்திருக்கிறது. அதன் பின்னர் பல ஆண்டுகள் இரத்மலானைக்கும் தென்னிந்தியாவுக்கும் பலாலியிலிருந்து விமானங்கள் போய்வந்தன. வானத்தில் நேர்கோடாக அளந்து பார்த்தால் பலாலியிலிருந்து இரத்மலானை ஏறத்தாழ 330 கிலோமீற்றர், சென்னை 350 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளியோ 200 கிலோமீற்றருக்கும் குறைவு. கொழும்பை விடத் திருச்சி எமக்குக் கிட்ட என்று பழைய ஆட்கள் சொன்னது வெறும் பேச்சல்ல. கடலால் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் கப்பலும் வானத்தால் பலாலி விமானமுமாக, அக்கரையும் இக்கரையும் அக்காலத்தில் தொடர்போடு இருந்தன.

திரும்பி வராத பத்து நாட்கள்

1983 இன் பின்னர் நிலைமை மாறியது. பலாலி படிப்படியாகப் படைத்தளமாகியது. 1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதிப்படையினர் வந்திறங்கியதும் இங்கேதான். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது, வலிகாமம் வடக்கின் மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தார்கள். பத்து நாளில், மிஞ்சினால் ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்றே எல்லோரும் நம்பினார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு, கோழிக்குத் தவிடு வைத்துவிட்டு, கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவர்கள் பலர்.

அந்தப் பத்து நாட்கள் சிலருக்கு இருபது ஆண்டுகளாகின, சிலருக்கு இருபத்தைந்து ஆண்டுகளாகின, இன்னும் சிலருக்கு இன்றுவரை முடியவில்லை. விமான நிலையத்தையும் படைத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் பாதுகாப்பதற்கென்று சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயருக்குள் அடங்கின. வீடுகளோடு பாடசாலைகளும் கோயில்களும் தேவாலயங்களும் சுடலைகளும் உள்ளே அகப்பட்டன. பலாலி ஆசிரியர் கலாசாலையும் வசாவிளான் மத்திய மகா வித்தியாலயமும் தமது சொந்தக் கட்டடங்களை விட்டு இடம்பெயர்ந்து இயங்க வேண்டியதாயிற்று.

கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம் போன்ற நலன்புரி நிலையங்களில் இந்தக் குடும்பங்கள் ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறையையே வளர்த்தெடுத்தன. அங்கு பிறந்த பிள்ளைகள் "உங்கட ஊர் எது?" என்று கேட்டால் மயிலிட்டி என்பார்கள். ஆனால் மயிலிட்டிக் கடலை அவர்கள் கண்டதில்லை.

அது சீதனக் காணி

இங்கே நாம் கவனிக்கத் தவறும் ஒரு விடயம் இருக்கிறது. உயர் பாதுகாப்பு வலயத்தைப் பற்றிப் பேசும்போது ஏக்கர் கணக்கும் குடும்பக் கணக்கும் சொல்லப்படும். அந்தக் காணிகள் யாருடைய பெயரில் இருந்தன என்று பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் தேசவழமையின்படி பெண்ணுக்குக் கலியாணத்தின்போது வீடும் வளவும் சீதனமாக எழுதிக் கொடுப்பது வழக்கம். தாயின் வீடு மகளுக்குப் போகும், அவளிடமிருந்து அவளுடைய மகளுக்குப் போகும். ஆகவே வலிகாமம் வடக்கில் முடக்கப்பட்ட வீடு வளவுகளில் பெரும் பங்கு உறுதியின்படி பெண்களுக்கே உரியது. சீதன முறையைப் பற்றி எமக்குப் பல விமர்சனங்கள் உண்டு. அது பெண்ணைப் பெற்றவர்களைக் கடனாளியாக்கியது என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு பெண்ணிடம் அவளுடைய பெயரில் இருந்த ஒரேயொரு சொத்து அந்தக் காணிதான். கணவன் இறந்தாலும் காணாமற்போனாலும் அவளைத் தெருவில் விடாமல் தாங்கியிருக்கக்கூடியது அது. போர் கணவனையும் எடுத்தது, பாதுகாப்பு வலயம் காணியையும் எடுத்தது. அதன் பிறகு அவளுக்கு எஞ்சியது பிள்ளைகளும் நிவாரண அட்டையும்தான்.

எமது மாதர் சங்கக் கூட்டமொன்றில் வசாவிளானைச் சேர்ந்த ஒரு அம்மா தனது மகளின் கலியாணப் பேச்சைப் பற்றிச் சொன்னார். "மாப்பிள்ளை பகுதி என்ன குடுப்பியள் எண்டு கேட்டுது பிள்ளை. எட்டுப் பரப்பும் கல்வீடும் இருக்கு எண்டு சொன்னன். எங்கை எண்டு கேட்டினம். கம்பிக்கு உள்ளுக்கை எண்டன். சிரிச்சுப்போட்டு எழும்பிப் போட்டினம்." அவர் சொன்னபோது அங்கிருந்த பெண்களும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு வெகுநேரம் நீடிக்கவில்லை. அங்கிருந்த பலருக்கு அதுவே சொந்தக் கதை.

1998 செப்டெம்பர் 29

தரைப்பாதை மூடப்பட்டிருந்த காலத்தில் குடாநாட்டுக்கும் வெளியுலகத்துக்கும் இடையில் இருந்த வழிகள் கப்பலும் பலாலி விமானமும் மாத்திரமே. வைத்தியத்துக்குப் போவோர், வெளிநாட்டிலுள்ள கணவனிடம் செல்லும் இளம் பெண்கள், பரீட்சைக்கும் நேர்முகத்துக்கும் போவோர் என்று எல்லோரும் அதையே நம்பியிருந்தார்கள்.

1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்டனோவ் விமானம் சிறிது நேரத்திலேயே தொடர்பை இழந்தது. 48 பயணிகளும் 7 பணியாளர்களுமாக அதில் இருந்த 55 பேரில் எவரும் திரும்பவில்லை. விமானம் விடுதலைப் புலிகளால் சுட்டு வீழ்த்தப்பட்டதாகக் கருதப்படுகிறது. பயணிகளில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் எந்தப் படையையும் சேர்ந்தவர்கள் அல்லர். எம்மைப் போன்ற சாதாரண மக்கள்.

உடலும் இல்லை, விமானமும் இல்லை, உறுதியான செய்தியும் இல்லை. எங்கோ பிடித்து வைத்திருப்பார்கள், என்றாவது வருவார்கள் என்று நம்பிக் காத்திருந்த குடும்பங்கள் பல. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2012 ஒக்டோபரில், இரணைதீவுக்கு அருகே கடலுக்கு அடியில் விமானத்தின் சிதைவுகளைக் கடற்படைச் சுழியோடிகள் கண்டுபிடித்தார்கள். பின்னர் மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் உறவினர்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரு சட்டையின் நிறத்தைக் கொண்டு தன்னுடைய பிள்ளையைத் தேடுவது ஒரு தாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்பதைக் காணாமற்போனோரின் தாய்மாராகவும் மனைவிமாராகவும் வாழும் எமது வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தச் சம்பவத்தின் பின் பயணிகள் விமானச் சேவை நின்றுபோனது. போர்நிறுத்த காலத்தில், 2002 ஜூனில்தான் அது மீண்டும் தொடங்கியது.

பாதை மூடினால் வானமும் விலையாகும்

2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது மக்கள் பஸ்களிலும் வான்களிலும் போய்வந்தார்கள். 2006 ஓகஸ்ட் 11 ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கப் பாதை மறுபடியும் மூடப்பட்டது. பிறகு போர் முடியும் வரை விமானமும் கப்பலும்தான்.

அக்காலப் பலாலிப் பயணத்தை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். முதலில் படையினரிடம் பயண அனுமதி பெறவேண்டும். அதற்குப் பல நாட்கள் வரிசையில் நிற்கவேண்டும். பின்னர் ஜன்னல்கள் மறைக்கப்பட்ட பஸ்ஸில் ஏற்றி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ளால் கொண்டுபோவார்கள். அந்தப் பஸ் ஓடிய வீதிகளில் சொந்த வீட்டைக் கொண்டவர்களும் உள்ளே இருந்தார்கள். தம் வீட்டைத் தாண்டிப் போகிறோம் என்று திருப்பங்களைக் கொண்டு கணக்குப் போட்டார்களே தவிர, வீட்டைப் பார்க்க முடியவில்லை.

விமானச் சீட்டின் விலை சாதாரண குடும்பத்துக்குக் கட்டுப்படியானதல்ல. இருந்த ஒரு சோடிக் காப்பை அடகு வைத்து, பிடிபடலாம் என்று பயந்த மகனைக் கொழும்புக்கு அனுப்பிய தாய்மார் எத்தனை பேர்! காப்பு மீளவில்லை. சிலருக்கு மகனும் மீளவில்லை.

சர்வதேச விமான நிலையம்

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனாலும் பலாலி மீண்டும் வெளிநாட்டுக்கான வாசலாக மாறுவதற்கு இன்னும் பத்து ஆண்டுகள் பிடித்தன. 2019 ஜூலையில் புனரமைப்பு வேலைகள் தொடங்கின. அதே ஆண்டு ஒக்டோபர் 17 ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்தைத் திறந்து வைத்தார்கள். கட்டுநாயக்க, மத்தளை ஆகியவற்றுக்கு அடுத்து நாட்டின் மூன்றாவது சர்வதேச விமான நிலையம் இது. திறப்பு நாளன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் விமானம் வந்திறங்கியது. பெயர்ப்பலகையில் தமிழ் முதலாவதாக எழுதப்பட்டிருந்ததைத் தெற்கில் சிலர் பெரும் பிரச்சினையாக்கியதும் அப்போதுதான். மூன்று மொழியும் இருந்த ஒரு பலகையில் எந்த மொழி மேலே என்ற வாதத்துக்குக் கிடைத்த இடம், அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்த காணிகளின் உரிமையாளர்களுக்குப் பத்திரிகைகளில் கிடைக்கவில்லை.

2019 நவம்பர் 11 ஆம் திகதி தொடங்கிய சென்னைச் சேவை கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் நின்றது. 2022 டிசெம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கி, 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் சேவையை விரித்தது. 1970 களில் எமது பாட்டிமார் அறிந்திருந்த வழி மறுபடியும் திறந்திருக்கிறது.

இங்கே இறங்குவன ஏ.ரி.ஆர். எனப்படும் சிறிய விமானங்கள். விசிறி போன்ற சுழலிகளைக் கொண்ட இவற்றில் சுமார் எழுபது பேர் போகலாம். குறுகிய ஓடுபாதை இவற்றுக்குப் போதும். பெரிய விமானம் பாரம் கூடியது. வேகம் எடுக்கவும் இறங்கியபின் நிற்கவும் அதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும், ஓடுபாதையின் இரு முனைகளிலும் தடையில்லாத வெளியும் வேண்டும். விமான நிலையம் பெருக வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் சுற்றியுள்ள மக்களின் நெஞ்சு திடுக்கிடுவதற்குக் காரணம் இதுதான். ஓடுபாதை நீள்வது வெறும் வானத்திலல்ல, யாரோ ஒருவரின் தோட்டத்தின் மீதுதான்.

விடுவிக்கப்பட்டதும் விடுவிக்கப்படாததும்

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலுமாக 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. இதற்கு எதிராக 2,000 க்கும் மேற்பட்ட காணி உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். நலன்புரி நிலையத்தில் அன்றாடம் கூலிக்குப் போய்வந்த பெண்களும் பழைய உறுதிகளைத் தேடியெடுத்துக்கொண்டு கையெழுத்து வைக்க வந்தார்கள். அந்தத் துணிவை நாம் மறக்கக்கூடாது.

2015 முதல் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் வந்தது. 2018 ஏப்ரலில் மேலும் ஒரு பெரிய பகுதி விடுவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் வசாவிளான் - பலாலி வீதி, நேரக் கட்டுப்பாட்டோடு, பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. திரும்பிப் போனவர்கள் கண்டது வீட்டை அல்ல. கூரையும் நிலையும் கதவும் இல்லாத சுவர்கள், சில இடங்களில் சுவரும் இல்லை. வேலியும் எல்லைக்கல்லும் இல்லாத பற்றைக்காட்டுக்குள் தங்கள் கிணற்றைக் கொண்டே வளவை அடையாளம் கண்டார்கள். இன்னும் விடுபடாத காணிகளுக்காக மக்கள் தொடர்ந்தும் குரல் கொடுத்து வருகிறார்கள்.

விமான நிலையம் வேண்டாம் என்று அந்த மக்கள் சொல்லவில்லை. அவர்களின் பிள்ளைகளும் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். கட்டுநாயக்கவில் இறங்கி எட்டு மணித்தியாலம் வானில் களைத்து வருவதைவிடச் சென்னை ஊடாக வீட்டுக்குப் பக்கத்தில் இறங்குவது நல்லது என்று அவர்களுக்கும் தெரியும். அவர்கள் கேட்பது மூன்று விடயங்கள். பொதுமக்களின் விமானத்துக்கு எவ்வளவு காணி உண்மையில் தேவை என்பதைச் சொல்லுங்கள். எடுக்கும் காணிக்கு உரிய நட்டஈட்டைக் கொடுங்கள். தேவையில்லாததைத் திருப்பித் தாருங்கள். இதில் நியாயமில்லாதது எது?

நாம் அறிந்திருக்க வேண்டியவை

சகோதரிகளே, வரலாற்றைத் தெரிந்துகொள்வதோடு எமது உரிமைகளையும் தெரிந்துகொள்வோம்.

காணி பற்றி: உறுதி தொலைந்துவிட்டது என்பதற்காகக் காணி தொலைந்துவிடாது. உறுதியின் இலக்கமோ ஆண்டோ, எழுதிய நொத்தாரிசின் பெயரோ தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடி அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். பழைய வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், நில அளவைப் படம் என்பவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 1950 ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் வந்தால் பயந்து ஒதுங்கவும் வேண்டாம், கவனிக்காமல் விடவும் வேண்டாம். எழுத்தில் ஆட்சேபனை தெரிவிக்கவும், உரிமையையும் நட்டஈட்டையும் கோரவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அதற்கு நாட்கணக்கு உண்டு. அறிவித்தலில் உள்ள கடைசித் திகதியை முதலில் பாருங்கள்.

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துச் சம்மதம் தேவை. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது காரணமின்றிச் சம்மதம் தர மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரலாம். காணாமற்போனவர்களின் குடும்பத்தினர், மரணப் பதிவுக்கு மனம் ஒப்பாவிட்டால், காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறுவதற்கு 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழி செய்திருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடலாம்.

இந்தியாவில் இருக்கும் உறவுகள் பற்றி: தமிழக முகாம்களில் இன்னும் ஐம்பதாயிரம் பேரளவில் எம்மவர்கள் இருக்கிறார்கள். வள்ளத்தில் போனவர்கள் விமானத்தில் பலாலிக்குத் திரும்பி வரும் காலம் இது. ஆனால் 2025 மே மாதத்தில் அவ்வாறு திரும்பிய முதியவர் ஒருவர், முன்னர் உரிய அனுமதியின்றி நாட்டைவிட்டுச் சென்றதற்காக விமான நிலையத்திலேயே கைதுசெய்யப்பட்டுப் பின்னர் பிணையில் விடப்பட்டார். உயிர் தப்ப ஓடியவரை முப்பது ஆண்டுகளின் பின் சட்டம் பிடித்தது. ஆகவே உங்கள் உறவினர் வர நினைத்தால் அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயத்திடமும் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்திடமும் முன்கூட்டியே விசாரித்து, ஆவணங்களைச் சீர்செய்த பின்னரே புறப்படச் சொல்லுங்கள்.

அங்கு பிறந்த பிள்ளைகளின் பிறப்பைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்து இலங்கைப் பிரசாவுரிமை பெறவேண்டும். காலம் பிந்தியிருந்தாலும் பதியலாம். முன்பு தந்தையின் வழியாகவே இந்த உரிமை கிடைத்தது. 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தாயின் வழியாகவும் கிடைக்கிறது. தந்தை இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் நாடில்லாத பிள்ளையாக இருக்கத் தேவையில்லை.

பயணம் பற்றி: கடவுச்சீட்டுக்காக இனிக் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ அலையத் தேவையில்லை. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் அதற்கான பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டது. இந்திய விசாவுக்கு யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத்தூதரகம் இருக்கிறது. தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். "சென்னைக்குப் போய் அங்கிருந்து அரபு நாட்டுக்கு வேலைக்கு அனுப்பி விடுகிறேன்" என்று வீடு தேடி வரும் முகவர்களை நம்பவேண்டாம். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யும் பெண்ணுக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. சம்பளம் தராவிட்டாலும் அடித்தாலும் முறையிட வழியில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டு போவதே பாதுகாப்பு. பக்கத்தில் விமான நிலையம் வந்ததால் ஏமாற்றுவோருக்கும் பாதை சுருங்கியிருக்கிறது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

தொழில் பற்றி: விமானம் ஏறுபவர்கள் வெறும் கையோடு போவதில்லை. பனங்கற்கண்டு, ஒடியல்மா, மிளகாய்த்தூள், பனையோலைப் பெட்டி என்று எமது பெண்கள் செய்யும் பொருட்கள் அவர்களின் பைகளில் போகலாம். நல்ல பொதியும் திகதியும் விலையும் போட்ட பொருளாக இருக்க வேண்டும். விற்பனைக்கு இடம் கேட்டுச் சங்கங்களாகச் சேர்ந்து பிரதேச செயலகம் ஊடாக விண்ணப்பியுங்கள். காணி கொடுத்த ஊரின் பெண்களுக்கு ஒரு சிறு கடை கேட்பது பிச்சையல்ல.

பலாலி இரண்டு தடவை போருக்காகப் பயன்பட்டது. இரண்டு தடவை மக்களின் பயணத்துக்காகத் திறந்தது. இந்த இரண்டாவது திறப்பு நிலைக்கவேண்டுமானால் அது காணி இழந்தவர்களின் கண்ணீரின் மேல் நிற்கக்கூடாது. மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போகும் தாயும், வேலிக்கு உள்ளே இருக்கும் தன் வளவைப் பார்க்கத் தவிக்கும் தாயும் ஒரே ஊர்ப் பெண்கள்தான். முதலாமவருக்கு வழி திறந்தாயிற்று. அடுத்தவருக்கும் திறக்கும் வரை கேட்டுக்கொண்டேயிருப்போம். உங்கள் உறுதிகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடமும் இருக்கிறதா என்று கேளுங்கள்.